மாமல்லபுரமா, புதுச்சேரியா? கடலோர வீடு தேடும் வேலூர்க்காரர்களுக்கு

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, நல்ல வசதியான, அமைதியான கடலோர வீட்டில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்றால் வேலூரில் பேச்சு இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறது.

பயணம்: மாமல்லபுரத்துக்குக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழி. புதுச்சேரிக்கு ஆரணி, செஞ்சி வழி; கொஞ்சம் கூடுதல் தூரம், ஆனால் வயல் பார்த்துக்கொண்டே போகலாம்.

அமைதி: கோவளம் முதல் மாமல்லபுரம் வரை சனி, ஞாயிறு சென்னைக் கூட்டம்தான். போன முறை பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் இரவு ஒரு மணி வரை அலறியது. எங்கள் அத்தை கண்ணே மூடவில்லை. செவ்வாய், புதன் போங்கள், அலைச் சத்தம் மட்டும்தான். புதுச்சேரியிலும் வார இறுதியில் கூட்டம் உண்டு. ஊருக்கு வெளியே பார்த்தால் தப்பிக்கலாம்.

மணல்: இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபின் மணல் வடக்கே போவது தடைபட்டது. அதனால் ஊருக்கு வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் கடல் கரையை அரித்து, பல இடங்களில் கருங்கல்தான் கிடக்கிறது. ‘கடல் பார்த்த வீடு’ என்பார்கள். கால் வைக்க மணல் இருக்காது. நீங்கள் கேட்கும் அன்றே எடுத்த கரை வீடியோவை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் உண்டு.

குளியல்: இரண்டு பக்கமும் இழுப்பு அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இறங்கவே வேண்டாம்.

பெரியவர்கள், குழந்தைகளோடு என்றால் வார நாளில் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிடலாம். நண்பர்கள் மட்டும், மூன்று நாள் என்றால் புதுச்சேரிக்குத் தெற்கே.