ஏழு வருடம், ஒரே ஒரு நட்டு

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "கார் பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் வீட்டிலேயே பார்த்துக்கிறீங்களாமே, நானும் டூல்ஸ் வாங்கிடவா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. முன்பக்க சஸ்பென்ஷனில் லிங்க் ராடு என்கிற சின்னக் குச்சி ஒன்றோடு நாலு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, விரல் முட்டியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். "வேண்டாம் சாமி" என்று முடித்துவிட்டேன். பாவம், மனுஷர் ஆசையாகக் கேட்டார். ஏழு வருடப் பழக்கத்தை ஒரு நட்டின் மேலுள்ள கோபத்தில் எடைபோடக் கூடாது என்று பிறகு தோன்றியது. அதனால் நிதானமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்று பார்க்கலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேக் பேட் மாற்றுவது பயப்படும் அளவுக்குப் பெரிய வேலையே இல்லை. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பவைதான் பேட்கள், அவற்றை அழுத்தும் கவ்வி காலிப்பர். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்தால் காலிப்பர் மேலே மடங்கும். பழைய பேட் வெளியே, பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே, புதுப் பேட் இடத்தில். கை பழகிவிட்டால் ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பின்சக்கரத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஹேண்ட்பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கிற வண்டிகள் பலவற்றில் பிஸ்டனைச் சும்மா அழுத்தினால் போகாது, திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். அது தெரியாமல் நான் கிளாம்ப் போட்டு இறுக்கிய கதை இங்கே வேண்டாம்.

எனக்கு இந்த வேலையில் பிடித்த இடம் ஒன்று உண்டு. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின்கள் இருக்கும், விரல் நீளத்தில். ஒருமுறை வண்டியின் வலது முன்சக்கரத்தில் உள்பக்கப் பேட் தேய்ந்து இரும்பே தெரிந்தது, வெளிப்பக்கப் பேட் பாதிகூடத் தேயவில்லை. பார்த்தால் ஒரு பின் துருப்பிடித்து அப்படியே இறுகிக் கிடக்கிறது. அதற்கு முன் பேட் மாற்றிக் கொடுத்தவர்கள் அந்தப் பின்னைத் தொட்டதாகவே தெரியவில்லை. சுரண்டித் துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவி உள்ளே விட்டேன். புஸ் என்று காற்று விட்டுக்கொண்டு, வெண்ணெயில் போவது போல் போனது. இழுத்தேன், வந்தது. மறுபடியும் தள்ளினேன். நாலைந்து தடவை சும்மாவே செய்து பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். (சாதாரண கிரீஸை அங்கே தடவாதீர்கள். ரப்பர் ஊதிப்போய் பின்னைப் பிடித்துக்கொள்ளும்.)

டிஸ்க் மாற்றும்போது ஒரு சின்னத் தகராறு வரும். பல வண்டிகளில் டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) பிடித்து வைக்க ஒன்றிரண்டு ஸ்க்ரூ இருக்கும். சக்கர நட்டுகளை இறுக்கிய பிறகு டிஸ்க்கை அவைதான் பிடிக்கின்றன, இந்த ஸ்க்ரூவுக்கு அப்புறம் வேலையே இல்லை. வேலை இல்லாதவன் தான் அதிகம் முறுக்குவான். சூட்டிலும் துருவிலும் இறுகி, திருப்புளியை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்புகிற திருப்புளி ஒன்று உண்டு, அது வாங்கிய பிறகு இந்தப் பிரச்சினை ஓய்ந்தது. அதற்கும் மசியாத ஒன்றின் தலையை ட்ரில் போட்டு எடுத்தேன். சரி, போகட்டும்.

லிங்க் ராடுக்கு வருவோம்.

வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க ஒரு முறுக்குக் கம்பி குறுக்கே போகும். அதன் நுனியை ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் குச்சிதான் லிங்க் ராடு. இரண்டு முனையிலும் பந்து மூட்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டு, அதில் ஒரு நட்டு. அவ்வளவுதான். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால், அநேகமாக இந்தப் பந்து மூட்டில் ஆட்டம் விழுந்திருக்கும். பொருள் சின்னது, எளிதில் கிடைக்கும், மாற்ற இரண்டே நட்டு. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நட்டைத் திருப்பினால் தண்டும் கூடவே சுற்றும். அது பந்தில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றத்தானே செய்யும்? அதைப் பிடித்துக்கொள்ள என்று தண்டின் நுனியில் ஆறு மூலைத் துளை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆலன் கீயை அதில் செருகி, ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். அந்தத் துளை இருப்பது சக்கரத்துக்குப் பின்னால், சேறும் தண்ணீரும் நாள் முழுக்க வந்து அடிக்கிற இடத்தில். இதை வரைந்தவர் ஒருமுறையாவது மழையில் வண்டி ஓட்டியிருப்பாரா என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். சில வண்டிகளில் பந்துக்குப் பின்னால் மெல்லிய ஸ்பேனர் போட இடம் விட்டிருப்பார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

கடந்த ஞாயிறு எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். முதல் நாளே எண்ணெய் அடித்து வைத்தேன். வெளியே தெரிகிற மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன், துளைக்குள் இருந்த மண்ணை ஊசியால் குத்தி எடுத்தேன். இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்தே தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன், ஒன்றை மட்டும் தூக்கினால் முறுக்குக் கம்பி இழுத்துக்கொண்டு நிற்கும். மேல் நட்டு சமர்த்தாக வந்தது. கீழ் நட்டு ஒரு சுற்று வந்தது, இரண்டாவது சுற்றும் வந்தது. மூன்றாவதில் கீச் என்றது. ஆலன் கீ கையில் லேசாக நழுவியது. எடுத்துப் பார்த்தால் ஆறு மூலைத் துளை வட்டத் துளையாகியிருந்தது.

பாதி கழன்ற நட்டு இருக்கிறதே, அதைவிடக் கேவலமான நிலை வேறு இல்லை. மேலேயும் வராது, திரும்ப இறுகவும் இறுகாது. வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போகவும் முடியாது. மரை கழன்றவன் என்று மனுஷர்களைத் திட்டுகிறோம். கழலாத மரையோடு ஒரு பகல் கிடந்தவன் அந்த வசவை உண்டாக்கியிருக்க மாட்டான்.

பந்தின் பின்பக்கத்தைப் பூட்டு பிளையரால் கவ்விப் பார்த்தேன், ரப்பர் உறை கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் ஹாக்சா. கைப்பிடி உள்ளே நுழையாததால் பிளேடைக் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றி, நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விட்டு அறுத்தேன். ஒரு இழுப்புக்கு இரண்டு அங்குலம்தான் இடம். டிஸ்க்கின் விளிம்பில் விரல் முட்டி இடித்துக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, டங் என்று ஒரு சத்தத்தோடு நட்டுத் துண்டு தரையில் விழுந்து உருண்டது. புது லிங்க் ராடைப் பூட்ட எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம்தான் எனக்கு ஆகவில்லை.

ஆத்திரத்தில் நியாயம் தவறக் கூடாது. சஸ்பென்ஷனில் என் தப்பும் உண்டு. சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மை மாற்றியபோது, சக்கரம் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே அதன் ரப்பர் மூட்டான புஷ்ஷின் போல்ட்டை இறுக்கிவிட்டேன். வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் அதை இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும். என்னுடையது ஒரு வருடத்தில் கிழிந்தது. சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை மட்டும் நான் தொடுவதில்லை. அதில் அடைபட்டிருக்கும் விசை தவறிப்போனால் பிளாஸ்திரி போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல்முறை பேட் மாற்றிய உற்சாகத்தில், பெடலை நாலு தடவை மிதித்துப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தேன். கால் நேராகத் தரைக்குப் போனது. பிஸ்டன் பேடைத் தொடும்வரை அப்படித்தான் போகும், அது இப்போது தெரிகிறது. அன்று ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். இப்போதெல்லாம் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கால் பெடலுக்குப் போய்விடுகிறது.

மார்க் போடச் சொன்னால் பிரேக் வேலைக்குப் பத்துக்கு ஒன்பது. இறக்கத்தில் பெடலை மிதிக்கும்போது உள்ளே எந்தப் பின் எப்படி நகர்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தைக் கடையில் வாங்க முடியாது. சஸ்பென்ஷனுக்கு நாலு. மொத்தத்தில் நண்பருக்கு என் பதில் இன்னும் "வேண்டாம்" தான். வேண்டவே வேண்டாம்.

லிங்க் ராடை ஜோடியாக மாற்றுவதுதான் என் வழக்கம். இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த நட்டுக்கு எண்ணெய் அடித்து வருகிறேன். நண்பர் வேடிக்கை பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது ஹாக்சா பிளேடு இரண்டு வாங்கி வரச் சொன்னேன்.