ஊருக்குப் போக ஆருக்கு எந்தத் தாள்: கட்டுநாயக்கா, பலாலி, சென்னை வழி

"பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றுதானே பாஸ்போட்டில் இருக்கு, பிறகேன் விசா?" ரொறன்ரோவிலும் பாரிஸிலும் செக்-இன் மேசையில் இந்தக் கேள்வி இன்னும் கேட்கிறது. மேசையில் இருப்பவர் பிறந்த இடத்தைப் பார்ப்பதில்லை. முகப்படம் இருக்கிற பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி ஓடும். அதை மெஷின் வாசிக்கும். அதில் நாட்டைக் குறிக்க மூன்று எழுத்து இருக்கும், ஜேர்மன் பாஸ்போட்டில் மட்டும் ஒற்றை 'டி'. விசா வேணுமா வேண்டாமா என்பதை அந்த எழுத்துத்தான் தீர்மானிக்கிறது. கனேடியப் பிரஜையாகச் சத்தியம் செய்தவருக்கு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடுகிறது. அலுமாரிக்குள் திகதி முடியாத பழைய இலங்கைப் பாஸ்போட் கிடந்தாலும் அது இனி அவருக்குச் செல்லாது. அதைக் காட்டி உள்ளே போவது சட்டவிரோதம்.

ஆகவே குடும்பமாகப் போகும்போது ஆளுக்கு ஆள் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அப்பா இரட்டைப் பிரஜை, அம்மா பிரித்தானியப் பிரஜை, அப்பம்மாவிடம் இலங்கைப் பாஸ்போட்டும் பிரித்தானிய நிரந்தர வதிவிடமும், பிள்ளை அங்கேயே பிறந்தது என்றால் ஒரே வீட்டில் நாலு வகை. ஏஜென்சியிடம் "நாலு ரிக்கற்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் நாலு ரிக்கற்தான் போடுவார்கள். யாருக்கு எந்தத் தாள் என்று கேட்க மாட்டார்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போட்டில் போகிறவர் எடுக்க வேண்டியது ஈ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதி. 2012 தை மாதத்தில் தொடங்கிய முறை. நடுவில் 2024 ஏப்ரலில் விசா வேலையை வெளி நிறுவனமொன்றின் வழியாகச் செய்யும்படி மாற்றினார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்ரெம்பர் இறுதியில் பழைய ஈ.டி.ஏ. தளமே திரும்பி வந்தது. இடைப்பட்ட மாதங்களில் எடுத்த 'எப்படி விண்ணப்பிப்பது' வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டாம். தளத்தின் முகவரியில் 'கவ் டொட் எல்.கே.' இருக்க வேண்டும். தேடும்போது மேலே விளம்பரமாக வருபவை தரகர் தளங்கள்; அதே அனுமதியைத்தான் எடுத்துத் தருவார்கள், தங்கள் கூலியையும் மேலே போட்டு. சார்க் எனும் தென்னாசிய அமைப்பின் நாட்டவர் அல்லாதோருக்கு அரச கட்டணம் 50 அமெரிக்க டொலர் என்றும், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்றும் இருந்து வந்திருக்கிறது. இதை அடிக்கடி மாற்றுகிறார்கள், சில நாட்டவருக்கு விலக்கும் அறிவிக்கிறார்கள். காசு கட்டும் பக்கத்தில் காட்டுகிற தொகையைத்தான் நம்ப வேண்டும். கட்டணம் இல்லாத பிள்ளைக்கும் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

விண்ணப்பத்தில் பிழை வருகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாஸ்போட் இலக்கம். பூச்சியத்தையும் 'ஓ' எழுத்தையும் மாறி அடிப்பது. ஜேர்மன் பாஸ்போட் வைத்திருப்பவர்களுக்கு இதில் குழப்பமே தேவையில்லை. அந்த இலக்கங்களில் 'ஓ' எழுத்தே கிடையாது; வட்டமாகத் தெரிவதெல்லாம் பூச்சியம். மற்ற நாட்டவர்கள் பக்கத்தின் அடியில் உள்ள அந்த மெஷின் வரியைப் பார்த்து, அதில் உள்ளபடியே இலக்கத்தையும் பெயரையும் அடிக்க வேண்டும். இலக்கம் பிழைத்த அனுமதி வேறொரு பாஸ்போட்டுக்கு எடுத்த அனுமதிதான். புதிதாகப் போட்டு மீண்டும் காசு கட்டுவதைவிட அனுப்ப முன் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது மலிவு. பாஸ்போட் இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பும் ரிக்கற்றின் பிரதி கையில் இருக்கட்டும்.

சுற்றுலா ஈ.டி.ஏ. தருவது 30 நாள், இரண்டு முறை நுழையலாம். 30 நாள் முதல் முறை இறங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நடுவில் சிதம்பரம் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தாலும் அந்த ஒரு கிழமையும் 30 நாளுக்குள்தான் சேரும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுப்படுகிறார்கள். திருவிழா கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை 25 நாள். "ஒரு கிழமை முன்னம் போய் வீட்டைத் துப்புரவாக்கி வைப்பம்" என்று வெளிக்கிட்டால் 7ம் 25ம் 32. தீர்த்தத்துக்கு முன்னமே நாள் முடிந்துவிடும். அப்படிப் போகிறவர்கள் விசா நீடிப்பை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பத்தரமுல்லைக்கு ஏற வேண்டியதில்லை. கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. பாஸ்போட்டில் குத்தியிருக்கும் முத்திரையின் கடைசித் திகதிக்கு ஒரு கிழமை முன்பே போட்டுவிடுங்கள். கடைசி நாள் சனி, ஞாயிறு, போயாவில் விழுந்தால் பதில் வராமல் தவிக்க வேண்டிவரும். நாள் கடந்து நின்றால் விமான நிலையத்திலேயே தண்டம் கட்ட வேண்டும், அதுவும் டொலரில்.

இனிச் சென்னை வழி. யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்ரெம்பரில் இன்டிகோவும் சேர்ந்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் ஓடத் தொடங்கியது. கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடித்து, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று இரவு முழுக்க ஓடுவதைவிட இது சுகம்தான். வருவது 70, 78 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். சின்ன விமானம். லண்டனிலிருந்து இரண்டு பெரிய சூட்கேஸோடு வந்தவருக்கு இந்தக் கடைசித் துண்டுக்கு அனுமதிக்கும் நிறை வேறாக இருக்கும். ரிக்கற்றில் அந்தப் பறப்புக்கு எதிரே எழுதியிருக்கும் கிலோவைப் பாருங்கள், முதல் பறப்புக்கு உள்ளதை அல்ல.

சென்னையில் பெரிய சிக்கல் இந்திய விசா. லண்டன்–சென்னை ஒரு ரிக்கற், சென்னை–யாழ்ப்பாணம் வேறு ரிக்கற் என்று மலிவாகப் போட்டால், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய இந்தியக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதற்கு விசா வேண்டும். இல்லாவிட்டால் லண்டனிலேயே ஏற்ற மாட்டார்கள். முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருந்து, பெட்டிக்கு யாழ்ப்பாணம் வரை பட்டி ஒட்டித் தந்தால் மட்டுமே விமான நிலையத்துக்குள்ளேயே மாறலாம். அதையும் விமானக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய ஈ-சுற்றுலா விசாவில் 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று உண்டு. மலிவு என்று 30 நாளை எடுப்பவர்கள் போகும்போது தப்பிவிடுவார்கள், திரும்பும்போது அகப்படுவார்கள். அதிலும் இரண்டு முறை நுழையலாம் என்பது சரி. ஆனால் நாள் முதல் தடவை சென்னையில் இறங்கியதிலிருந்து ஓடும். யூலை 1ஆம் திகதி சென்னை வழியாக யாழ்ப்பாணம் போய், ஓகஸ்ட் 5ஆம் திகதி சென்னைக்குத் திரும்பினால் விசா செத்துப்போயிருக்கும். பலாலியில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஒரு வருட விசாவே புத்தி. விண்ணப்பத்தில் பெற்றோர் பிறந்த இடம், முந்திய பிரஜாவுரிமை எல்லாம் கேட்பார்கள். 'முந்திய பிரஜாவுரிமை: இலங்கை' என்பதை மறைக்க வேண்டியதில்லை, விடவும் கூடாது. படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில். பாஸ்போட் பக்கம் பி.டி.எஃப். ஆக, 300 கே.பி.க்குள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் தளம் ஏற்காது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் திரும்ப ஆசைப்படுபவர்கள், ஈ-விசாவோடு உள்ளே வரக்கூடிய விமான நிலையங்கள், துறைமுகங்களின் பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது, ரிக்கற் எடுக்க முன் அதில் நாகபட்டினத்தைத் தேடிப் பாருங்கள். இன்னொன்று: மின்-சிகரெட் இந்தியாவில் 2019இலிருந்து தடை. பெட்டிக்குள் வேண்டாம்.

இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர்களுக்கு இந்த நாள் கணக்கு ஒன்றும் இல்லை. இலங்கைப் பாஸ்போட்டோடு உள்ளே போகலாம். ஆனால் இரட்டைப் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் மூலப் பிரதியும் வெளிநாட்டுப் பாஸ்போட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு மேசையில் தேடக் கூடாது. எடுக்கிற வழி இரண்டு. வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்க முன்பே 'வைத்திருக்க' விண்ணப்பிப்பது ஒன்று, போனபின் 'மீளப் பெறுவது' மற்றது. நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவதுதான். 55 வயது கடந்திருத்தல், கல்வி அல்லது தொழில் தகைமை, இலங்கையில் சொத்து அல்லது வைப்பு என்று ஏதாவது ஒன்றில் தகுதி காட்ட வேண்டும். சேர்க்க வேண்டிய தாள்களில் ஆட்களைத் தடக்கி விழுத்துவது பொலிஸ் சான்றிதழும் பெயரும்.

பெயர்ப் பிரச்சினையைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஒரு கூட்டில், அப்பாவின் பெயர் வேறொரு கூட்டில். வெளிநாட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி முன்னுக்கு வந்திருக்கும். கலியாணத்துக்குப் பிறகு பெண்களுக்கு அந்த இடத்தில் கணவரின் பெயர். செல்லத்துரை என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'எஸ்'ஸில் தொடங்குவார், மற்றவர் 'சி எச்'சில். கோவைகள் தேங்குவது இங்கேதான். மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று சத்தியக் கடதாசி முடித்து முதலிலேயே சேர்த்துவிட்டால், அவர்கள் கடிதம் எழுதிக் கேட்கும் மாதங்கள் மிச்சம். ஊரில் நிற்கும்போதே பிரதேச செயலகத்தில் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் புதிய பிரதி எடுத்துவிடுங்கள், ஒன்றுக்கு மூன்றாக. வெளிநாட்டில் காட்ட அத்தாட்சிப்படுத்த வேண்டுமென்றால் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் கிளை யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. 2025 செப்ரெம்பர் 1இலிருந்து யாழ். மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகமும் இயங்குகிறது. முன்னர் வவுனியாவுக்கு ஓட வேண்டியிருந்தது. படம் அனுமதி பெற்ற ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும், அவர்களே கணினி வழி அனுப்பித் துண்டு தருவார்கள்.

இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் காணி பற்றி யோசிக்கட்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. முதுசமாக நெருங்கிய உரித்தாளருக்கு வருவது விலக்கு. அடுத்த காணித் துண்டைச் சொந்தப் பெயரில் வாங்க நினைத்தால் இரட்டைப் பிரஜையாக இருப்பதே நேர் வழி. தரகர் "பாத்துக்கொள்ளலாம் அண்ணை" என்பார். உறுதி முடிப்பவர் அவரில்லை.

அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள் வேறு கதை. அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. சுவிஸில் அங்கீகரிக்கப்பட்ட அகதி சொந்த நாட்டுக்குப் போவது சட்டத்திலேயே தடை. கனடாவில் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அகதியாக வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவர் இலங்கைப் பாஸ்போட் எடுத்து ஊருக்குப் போனால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று வாதிட்டு வதிவிடத்தையே பறிக்க முடியும். பிரஜையான பிறகு இந்தப் பயம் இல்லை. செத்தவீடு என்றாலும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரிக்கற் போடக் கூடாது.

திரும்பும் பயணத்தில் சிக்குவது பெரும்பாலும் அப்பம்மாக்கள். பிரித்தானியாவில் பிளாஸ்ரிக் வதிவிட அட்டை 2024 முடிவோடு போய், எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் ஈ-விசா ஆகிவிட்டது. இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்தவர் புதிய இலக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்காவிட்டால் கட்டுநாயக்கா மேசையில் கணினி "இல்லை" என்று காட்டும். கணக்கின் கடவுச்சொல் பேரனிடம், பேரன் நித்திரை. கனடாவில் நிரந்தர வதிவிட அட்டை திகதி முடிந்திருந்தால் ஏற்ற மாட்டார்கள். வெளியிலிருந்தே பயணப் பத்திரம் எடுக்க வேண்டும், அதற்குக் கிழமைகள் போகும். பிரஜைகளாக இருக்கிற பிள்ளைகளும் கவனம்: கனேடிய இரட்டைப் பிரஜைகள் 2016 நவம்பரிலிருந்து கனேடியப் பாஸ்போட் காட்டாமல் விமானம் ஏற முடியாது, பிரித்தானியர்களுக்கும் 2026 பெப்ரவரி 25இலிருந்து அதே நிலைதான். இலங்கைப் பாஸ்போட்டை மட்டும் கையில் கொண்டு திரும்பலாம் என்று நினைத்துப் பிரித்தானியப் பாஸ்போட்டை வீட்டு லாச்சிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.