கணவாயா, யாக்காவா, லூரா? சிட்னி துறைமுகத்தில் மூன்று கோடை

ஊரில் கிங்ஃபிஷ் என்றால் வஞ்சிரம். ஹோட்டல் மெனுவில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். இலங்கைத் தமிழர்கள் அதையே அறுக்குளா என்பார்கள். சிட்னிக்கு வந்த புதிதில் தூண்டில் கடையில் எல்லோரும் ‘கிங்கி, கிங்கி’ என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, வஞ்சிரம் துறைமுகத்துக்குள்ளேயே வருகிறது போல என்று நினைத்தேன். இது வேறு மீன். மஞ்சள்வால் கிங்ஃபிஷ், அறிவியல் பெயர் செரியோலா லலாண்டி. வஞ்சிரம் கானாங்கெளுத்தியின் உறவு, இது பாரை மீனின் உறவு. பாரையைத் தூண்டிலில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு தகவலே நிறையச் சொல்லிவிடும். முள் ஏறிய மறுநொடி தலையைக் கீழே திருப்பி, பக்கத்தில் தூணோ கல்லோ எது இருக்கிறதோ அதற்குள் போய் தூண்டில் நரம்பை அறுக்கப் பார்க்கும்.

மூன்று கோடை இதன் பின்னால் அலைந்தேன். முதல் கோடையில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் கிடைத்ததெல்லாம் குட்டிகள். உள்ளூர்க்காரர்கள் அவற்றை ‘எலி’ என்பார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 65 செ.மீ. இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். மூன்றாவது கோடையில், பிப்ரவரி மாதத்து ஒரு காலையில்தான் 72 செ.மீ. மீன் ஒன்று படகுக்குள் வந்தது. இந்த மூன்று கோடையிலும் மூன்று வழிகளை மாற்றி மாற்றி முயன்றேன்: படகுத்துறையில் நின்று உயிருள்ள யாக்கா மீன், பாறை ஓரங்களில் லூர் என்ற செயற்கை இரை, படகிலிருந்து கணவாய். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கணவாய்தான். ஆனால் அந்தப் பதிலுக்கு வந்த வழியையும் சொல்லாவிட்டால் அது யாருக்கும் உதவாது.

யாக்காவும் படகுத்துறையும்

யாக்கா என்பது கைப்பிடி நீளமுள்ள சிறு மீன். இதற்கும் யெல்லோடெயில் என்றே பெயர் இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். இதுவும் பாரைக் குடும்பம்தான். நனைத்த ரொட்டியைத் தூவி, ஐந்தாறு குட்டி முட்கள் கோத்த சபிக்கி நரம்பை இறக்கினால் பத்து நிமிடத்தில் அரை வாளி கிடைத்துவிடும். காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார் இருந்தால் வாளியில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மூக்கு வழியாக ஒரு முள்ளைக் கோத்து, மேலே ஒரு மிதவை கட்டி விட்டுவிட வேண்டியதுதான்.

நான் போனது கிளிஃப்டன் கார்டன்ஸ். சௌடர் பே என்ற சின்ன விரிகுடாவில், வலை கட்டிய நீச்சல் இடத்தை ஒட்டிய படகுத்துறை. படகு வேண்டாம், செலவு குறைவு, வேலை முடிந்து நேரே போய்விடலாம். மூன்று வழிகளில் ஆரம்பிக்க எளிதானது இதுதான், சந்தேகமே இல்லை. யாக்காவுக்குக் கிங்ஃபிஷ் வராவிட்டாலும் வேறு ஏதாவது வரும். எனக்கு அங்கே முதலில் கிடைத்தது ஒரு ஜான் டோரி. அதைப் பொரித்துச் சாப்பிட்ட ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

குறை என்னவென்றால், மீன் உங்களைத் தேடி வர வேண்டும். கிங்ஃபிஷ் கூட்டமாகச் சுற்றும் மீன். இன்று இந்தத் துறை, நாளை எதிர்க்கரை. பதினோரு முறை போய் ஒரு கிங்ஃபிஷ்கூட இல்லாமல் வந்தேன். பன்னிரண்டாவது முறை மிதவை சட்டென்று காணாமல் போனது. ராடு வளைந்து கைப்பிடிக் கம்பியில் இடித்தது. ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கை, நான் சின்ன மீனுக்கு வைப்பதுபோலத் தளர்வாக வைத்திருந்தேன். நான்கே விநாடி. மீன் துறையின் தூண்களுக்குள் நுழைந்தது. அந்தத் தூண்களில் சிப்பியும் கொட்டலசும் அப்பியிருக்கும், கத்தி மாதிரி. நரம்பு அறுந்து காற்றில் ஆடியது.

அன்று பக்கத்தில் ஒரு மன்னார்ப் பெரியவர் நின்றிருந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் நொந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, டிராக்கை நல்லா இறுக்குங்கோ. அது ஓடத் தொடங்கினாப் பிறகு இறுக்கி வேலையில்லை” என்றார்.

“யாக்காவே போதுமா ஐயா, இல்லை வேறு ஏதாவது போடணுமா?” என்று கேட்டேன்.

“முதல்ல கணவாய் பிடிக்கப் பழகுங்கோ. யாக்காவை வேண்டாமெண்டு விடுற மீனும் கணவாயைக் கண்டா விடாது.”

அந்தப் பேச்சை அன்று சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. டிராக்கை மட்டும் இறுக்கினேன். அதன்பிறகு 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, முனையில் 50 பவுண்டு தாங்கும் தெளிநரம்பு, டிராக் ஏழு கிலோ வரை. தூண்கள் பக்கத்தில் இதற்குக் குறைந்த எதுவும் எனக்கு நிற்கவில்லை.

லூர்

இரண்டாவது கோடையில் லூர் பக்கம் போனதற்குக் காரணம் சோம்பல் அல்ல, வீடியோக்கள். தண்ணீர் மேல் வெடித்துக்கொண்டு வந்து மீன் அடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இரை பிடிக்கும் நேரம் மிச்சம், வாளி வேண்டாம், ஒரு தோள்பையில் எல்லாம் அடங்கிவிடும். ஏழு அங்குல வெள்ளை ரப்பர் மீனும், மேற்பரப்பில் நெளிந்து வரும் ஸ்டிக்பெய்ட்டும் வாங்கினேன்.

லூர் வேலை செய்யும் நேரங்கள் உண்டு. கோடைக் காலைகளில் நார்த் ஹெட், மிடில் ஹெட் என்ற கடல்முனைகளுக்கு நடுவே பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் பாய்வதைப் பார்க்கலாம். மேலே போனிட்டோவும் டெய்லரும் ஆஸ்திரேலிய சால்மனும் சின்ன மீன்களைச் சுற்றி வளைத்திருக்கும், அவற்றுக்குக் கீழே கிங்ஃபிஷ் நிற்கும். அந்த நேரத்தில் கூட்டத்தின் ஓரத்தில் வீசி, லூரைக் கொஞ்சம் இறங்கவிட்டு, வேகமாக இழுத்தால் அடிக்கும். வாளியில் இரை வைத்திருப்பவர் அதை முள்ளில் கோத்து முடிப்பதற்குள் லூர்க்காரர் மீனோடு நிற்பார்.

பறவை இல்லாத நாட்களில்தான் சோதனை. மிதவைக் குறிகளைச் சுற்றிக் கை வலிக்க வீசுவேன். ஐந்தாறு மீன்கள் லூருக்குப் பின்னாலேயே வரும். உங்கள் கால் பக்கம் வரை வந்து, பச்சை முதுகும் மஞ்சள் வாலும் பளிச்சென்று தெரியும்படி திரும்பிப் போய்விடும். அது என்னை வதைத்த அளவுக்கு வேறு எதுவும் வதைக்கவில்லை. வருகிற மீனைப் பார்த்ததும் கை தானாக மெதுவாகும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு, வேகத்தைக் கூட்டுவது. அதைப் பழகவே ஒரு கோடை போனது. அப்படியும் பிடித்ததில் எதுவும் 60 செ.மீ.யைத் தாண்டவில்லை. நடுவில் டெய்லரின் பற்கள் அறுத்துக்கொண்டு போன லூர்களின் விலையைக் கூட்டிப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஆகவே, லூர் கண்ணால் பார்த்து வீசுகிறவருக்கு உகந்தது. எங்கே எப்போது மீன் இருக்கும் என்று தெரிந்தவருக்கு அது அருமையான ஆயுதம். தேடிக்கொண்டிருப்பவருக்கு அது வெறும் உடற்பயிற்சி. யாக்கா பொறுமையாகக் காத்திருந்து உங்களுக்காகத் தேடும். லூர் அதைச் செய்யாது.

கணவாய்

பெரியவர் சொன்னதை மூன்றாவது கோடையில் கேட்டேன். கணவாய் என்று இங்கே சொல்வது நம் ஊசிக் கணவாய் வகை. துறைமுகத்துக்குள் கடற்புல்லும் பாசியும் படர்ந்த இடங்களின் ஓரத்தில் இருக்கும். பால்மோரல், நார்த் ஹார்பர் பக்கம் தேடினால் கிடைக்கும். ஜிக் என்ற இறால் வடிவச் செயற்கை இரையை வீசி, புல்லின் தலை வரை இறங்கவிட்டு, இரண்டு வெட்டு வெட்டி, மறுபடி இறங்கவிட வேண்டும். கணவாய் பிடிப்பது அது இறங்கும்போதுதான். நரம்பு கொஞ்சம் கனத்ததுபோல இருக்கும், அவ்வளவுதான். இதை உணரக் கைக்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன. முதல் இரண்டு வாரம் நான் பிடித்தது முழுக்கப் பாசி.

யாக்காவோடு ஒப்பிட்டால் கணவாய் எல்லா வகையிலும் தொல்லை. பத்து நிமிடத்தில் அரை வாளி என்பது இங்கே கிடையாது, இரண்டு மணி நேரத்தில் மூன்று கிடைத்தால் நல்ல காலை. விடிவதற்கு முன்பே போக வேண்டும். மை பீச்சினால் தொட்டித் தண்ணீர் கெட்டு அதுவே செத்துப்போகும். அதனால் வெளியிலேயே மையைக் கக்கவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும், யாக்காவோடு சேர்த்துப் போடவும் கூடாது. முள் கோப்பதும் இரண்டு முள் வேலை: ஒன்று உடலின் கூர்முனையில், இன்னொன்று தலைக்குப் பக்கத்தில். நடுவில் லெதர்ஜாக்கெட் என்ற மீன் வந்து கொறித்துவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் கணவாய்? யாக்காவைப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகும் அதே கூட்டம் கணவாயை விழுங்குவதை நான் ஒரே காலையில், ஒரே படகில், இரண்டு ராடுகளில் பார்த்தேன். ஒன்றில் யாக்கா, மற்றதில் கணவாய். மீன்காட்டித் திரையில் கூட்டம் தெரிந்தது. நாற்பது நிமிடம் யாக்கா ராடு அசையவில்லை. கணவாய் ராடு இறக்கிய ஐந்தாவது நிமிடமே வளைந்தது, அப்புறம் மறுபடியும். ஒரு காலையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். அந்த மாதம் முழுக்க அப்படியேதான் நடந்தது.

இன்னொன்று: கணவாய் செத்தாலும் வீணாகாது. அன்று பிடித்ததை நீளத் துண்டாக அரிந்து, மெதுவாக இழுத்துப்போனாலும் கடிக்கும். செத்த யாக்காவுக்கு அந்த மரியாதையை நான் பார்த்ததில்லை.

படகு ஒரு நண்பருடையது, நாலரை மீட்டர் அலுமினியப் படகு. சோவ் அண்ட் பிக்ஸ் என்ற பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் ‘வெடிங் கேக்’ என்று அழைக்கப்படும் வழிகாட்டிக் குறிகள் நிற்கின்றன, அடுக்கு கேக் மாதிரி. கிங்ஃபிஷ்ஷுக்கு நிழல் விழும் தூண் என்றால் பிடிக்கும். அந்தக் குறிகளில் படகைக் கட்டக் கூடாது, சட்டம். டவுன்ரிகர் என்ற கருவியில் கம்பியில் ஈயக்குண்டு தொங்கும். அது இரையை நாம் சொல்லும் ஆழத்தில் வைத்திருக்கும். தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில், நடை வேகத்துக்கும் குறைவாகப் போவோம். என் 72 செ.மீ. மீன் அப்படித்தான் வந்தது. அதைத் தூணிலிருந்து விலக்கி ஆழத்துக்கு இழுக்க நண்பர்தான் படகைத் திருப்பினார். துறையில் தனியாக நின்றிருந்தால் அதுவும் போயிருக்கும். படகின் உண்மையான நன்மை இதுதான் என்று எனக்குப் படுகிறது: மீன் ஓடும்போது நீங்களும் நகரலாம்.

எப்போது, எவ்வளவு

எந்த வழியானாலும் தண்ணீர் சூடேற வேண்டும். கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் கோடையில் வெதுவெதுப்பான நீரைத் தெற்கே கொண்டுவருகிறது. நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை நல்ல காலம். எனக்குப் பிடித்தது பிப்ரவரி, மார்ச். பெருமழை பெய்து தண்ணீர் பழுப்பானால் உள்ளே நேரத்தை வீணாக்காமல் முகத்துவாரப் பக்கம் போங்கள். கடல் ஏற்றமும் வற்றமும் திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் தேநீர் குடிக்கலாம்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன்தான். பொழுதுபோக்கு மீன்பிடிக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். இந்த விதிகளை நான் சுமையாக நினைக்கவில்லை. ஒரு காலத்தில் மிதக்கும் பொறிகளை வைத்து இந்த மீனை அள்ளினார்கள். 1996இல் மாநிலம் அதைத் தடை செய்தது. இன்று துறைமுகத்துக்குள் இவ்வளவு எலிகள் ஓடுவதில் அந்தத் தடைக்குப் பெரிய பங்கு உண்டு.

சாப்பிடுவது பற்றியும் ஒன்று. ஹோம்புஷ் விரிகுடாவை ஒட்டியிருந்த ரசாயன ஆலைகளின் டையாக்சின் கழிவு துறைமுகச் சேற்றில் தங்கிவிட்டது. 2006இல் இங்கே வணிக மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் எதையும் சாப்பிட வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. கிழக்கே பிடித்ததற்குப் பொதுவான வரம்பு மாதத்துக்கு 150 கிராம். மீனுக்கு மீன் இது மாறும் என்பதால் மாநில மீன்வளத் துறையின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள், முக்கியமாக வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால். எங்கள் வீட்டில் அந்த மீனை நான்கு குடும்பங்களுக்குப் பங்கு போட்டோம்.

படகு இல்லாதவர்கள் கணவாயைக் கைவிட வேண்டியதில்லை. இந்தக் கோடையில் நான் மறுபடி கிளிஃப்டன் கார்டன்ஸ் துறைக்குத்தான் போகிறேன், இரண்டையும் சேர்த்துக்கொண்டு. முந்தின நாள் இருட்டியதும் துறை விளக்கின் வெளிச்சம் முடியும் விளிம்பில் ஜிக் வீசிக் கணவாய் தேடுவேன். கிடைத்தால் அதுவே மிதவையின் கீழே போகும், கிடைக்காவிட்டால் யாக்கா. தோள்பையில் ஒரே ஒரு வெள்ளை ரப்பர் மீன் இருக்கும், பறவை வந்தால் வீச. துறை உயரம் என்பதால் நீளக் கைப்பிடி வலை கட்டாயம் வேண்டும். மூன்று கிலோ மீனை நரம்பைப் பிடித்துத் தூக்கினால் கடைசி நொடியில் முள் கழன்றுவிடும். சென்ற மாதம் என் கண் முன்னால் ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆனது. அடுத்த சனிக்கிழமையும் அவன் அதே இடத்தில் நின்றிருந்தான், கையில் புது வலையோடு.