காலிக் கட்டங்களில் ஊர்ப்பெயரை நிரப்ப: எஃப்5, பவர் குவெரி, மேக்ரோ

குலசேகரம், அருமனை, திற்பரப்பு என்று ஊர்வாரியாக ரப்பர் ஷீட் வாங்கும் கடைக் கணக்கை எக்செலில் ஏற்றும்போது, ஊர்ப்பெயரை முதல் வரியில் மட்டும் அடித்துவிட்டு, கீழே வரும் பத்துப் பேருக்கும் கட்டத்தைக் காலியாக விடுவது கைக்கு எளிது. கண்ணால் பார்க்க அது போதும். ஊர்வாரி எடை கூட்ட பிவட் டேபிள் போட்டால்தான் வினை: ஒவ்வோர் ஊருக்கும் முதல் ஆளின் எடை மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் பெயரில்லாத ஒரே குவியலாகிவிடும்.

இந்தக் காலிகளில் மேலுள்ள ஊர்ப்பெயரை நிரப்ப மூன்று வழிகள். எஃப்5 வழி பலருக்கும் தெரிந்ததுதான். ஊர் நெடுவரிசையைத் தேர்ந்து எஃப்5, ஸ்பெஷல், பிளாங்க்ஸ்; பிறகு = அடித்து மேல் அம்புக்குறி, கண்ட்ரோல்-என்டர். முடிந்ததும் காப்பி செய்து வேல்யூஸாக ஒட்ட வேண்டும். அதை மறந்து தாளை வரிசைப்படுத்தினால் ஊர்கள் இடம் மாறிப்போகும். கட்டங்கள் டெக்ஸ்ட் வடிவத்தில் இருந்தால் =ஏ2 என்ற எழுத்தே உள்ளே நிற்கும். ஒரே ஒருமுறை வேலை என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பவர் குவெரி, அதாவது தரவை எடுத்துச் சீர்செய்து தரும் கருவி, எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது. டிரான்ஸ்ஃபார்மில் ஃபில், டவுன். மூலத் தாளைத் தொடாது. புது வரிகள் சேர்ந்தால் ரிஃப்ரெஷ் போதும். பல கிளைகளின் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தால் இதையே எடுங்கள்.

தினமும் அதே தாளில் பதிவு நடக்கும் கடைக்கு நான் மேக்ரோவைத்தான் (எக்செலுக்குள் எழுதிவைத்து ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) சொல்வேன். காரணம் ஒன்றே: காலிபோலத் தெரிந்தும் காலியாக இல்லாத கட்டம். பெயரை அழிக்க டெலிட்டுக்குப் பதில் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார்கள். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் 160 என்ற எண்ணுள்ள இடைவெளி எழுத்து இருக்கும். எஃப்5 இவற்றைக் காலி என்று எடுக்காது. பவர் குவெரியின் ஃபில் டவுனும் உண்மையிலேயே காலியான (null) கட்டத்தை மட்டுமே நிரப்பும். விட்டுப்போவது அந்த ஒரு கட்டத்தோடு நின்றால் பரவாயில்லை. குலசேகரத்தின்கீழ் 12 காலி வரிகள், ஐந்தாவதில் ஒரு ஸ்பேஸ் என்று வையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லாம் தன் மேலிருப்பதை நகலெடுத்து அந்த ஸ்பேஸையே வாங்கிக்கொள்ளும். எட்டுப் பேரின் எடை குலசேகரம் கணக்கில் வராது, எச்சரிக்கையும் வராது.

மேக்ரோவில் இதற்கு ஒரே வரி: 160-ஐ சாதாரண இடைவெளியாக மாற்றி, ட்ரிம் செய்து (ஓரத்து இடைவெளிகளை நீக்கி), நீளம் பூஜ்யமானால் மேல் மதிப்பைப் போடு. பவர் குவெரியிலும் படிகள் சேர்த்து இதைச் செய்யலாம். ஆனால் நிரம்பிய தாள் தனியாகத்தான் வரும், பதிவுத் தாள் பழையபடியே இருக்கும்.

எழுதும்போது சறுக்கும் இடங்கள். கடைசி வரியை ஊர் நெடுவரிசையில் தேடாதீர்கள். கடைசி ஊரின்கீழ் உள்ள காலிகள் விட்டுப்போகும். தேதி போல எப்போதும் நிரம்பியிருக்கும் நெடுவரிசையில் தேடுங்கள். கட்டம் கட்டமாக எழுதாமல், மொத்தத்தையும் அரேவுக்குள் (நினைவகத்தில் உள்ள பட்டியல்) எடுத்து லூப் ஓட்டி ஒரே தடவையில் திருப்பி எழுதினால் ஆயிரக்கணக்கான வரிகளும் சட்டென்று முடியும். மெர்ஜ் செய்த கட்டங்களை முதலில் பிரித்துவிடுங்கள்.

மேக்ரோ ஓடியபின் கண்ட்ரோல்-இசட் பலிக்காது. இதுதான் இதன் பெரிய குறை. ஆகவே ஓட்டுமுன் தாளை நகலெடுக்கும் வரியை மேக்ரோவிலேயே சேர்த்துவிடுங்கள். மேக்ரோவை பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்கில் (உங்கள் கணினியில் மேக்ரோக்களுக்கென்றே உள்ள தனிக் கோப்பு) வைத்தால் கணக்குக் கோப்பு எக்ஸ்எல்எஸ்எக்ஸாகவே இருக்கும், கணக்கரிடம் அனுப்பும்போது மேக்ரோ தடையும் வராது.

ஷீட் எடை, ஒட்டுப்பால் எடை நெடுவரிசைகளில் மட்டும் இதை ஓட்டாதீர்கள். அங்கே காலி என்றால் அன்று கொண்டுவரவில்லை என்று பொருள். நிரப்பினால் மேல் வரிக்காரரின் எடைக்கு இவருக்கும் பணம் போய்விடும்.