ஸ்டீல் பாத்திரம்: பளபளப்ப விடுங்க, அடிய பாருங்க

நான்ஸ்டிக்க ஓரங்கட்டிட்டு ஸ்டீலுக்கு மாறி வருஷக்கணக்கா ஆச்சு, அந்த தைரியத்துல சொல்றேன், வாங்கும்போது முக்கியமா பாக்க வேண்டியது அடிதான். ஸ்டீல் தனியா சூட்ட சரியா கடத்தாது, அலுமினியம் அதவிட பத்து மடங்குக்கும் மேல நல்லா கடத்தும், அதான் மெல்லிசு ஸ்டீல் கடாய்ல நெருப்பு படுற இடம் மட்டும் வட்டமா கருகும், ஓரம் வேகாம கிடக்கும். ட்ரைப்ளைன்னா ரெண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவுல அலுமினியம், அடில இருந்து விளிம்பு வரைக்கும். சாண்ட்விச் பாட்டம்னா அடில மட்டும். தண்ணியா கொதிக்கிறதுக்கெல்லாம் சாண்ட்விச்சே தாராளம், வதக்க வறுக்கத்தான் ட்ரைப்ளை வேணும், எல்லாத்தையும் ட்ரைப்ளைல செட்டா வாங்குனா பாதி அலமாரிலயே தூங்கும்.

ஸ்டீல் ரகத்துல கிரேடு 304 நல்லது, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், 18/8னு போடுறது அதான். காந்தம் ஒட்டலன்னா 304தான்னு சொல்வாங்க, நம்பாதீங்க, நிக்கல கொறச்சு மாங்கனீசு சேத்த 200 சீரிஸும் பெரும்பாலும் ஒட்டாது. காந்தத்த வெளி அடில வெச்சுப் பாருங்க, அங்க ஒட்டுனாதான் இண்டக்ஷன் அடுப்புக்கு ஆகும்.

அடிபிடிக்குதுன்னு புலம்புறவங்க முக்கால்வாசி பேரு சூடாகுறதுக்கு முன்னாடியே போட்டுடுறாங்க. மீடியம் தீயில காய வெச்சு ஒரு சொட்டு தண்ணி விடுங்க, சுர்ருன்னு ஆவியானா இன்னும் காயல, முத்து மாதிரி உருண்டு ஓடுனா ரெடி, தீய கொறச்சுட்டு எண்ணெய் ஊத்துங்க. முட்டைக்கு மட்டும் நான் இன்னும் ஸ்டீல நம்புறதில்ல, அது வேற கத.

உப்ப பச்சத்தண்ணில போட்டா அடில தங்கி சின்னச் சின்ன புள்ளியா அரிச்சுடும், அப்புறம் தேச்சாலும் போகாது, கொதி வந்தப்புறம் போட்டு கலக்கிடுங்க. பிளீச் பக்கமே கொண்டு போகாதீங்க, குளோரின் ஸ்டீலுக்கு ஆகாது. நீலமும் மஞ்சளுமா ரெயின்போ கலர் வந்தா பயப்பட வேணாம், அதிக சூட்டுல மேல இருக்குற ஆக்சைடு படலம் தடிச்சுப் போறதுதான், வெள்ளத் திட்டு தண்ணில இருக்குற கால்சியம், ரெண்டுக்கும் கொஞ்சம் வினிகர் போதும். கருகுனா பேக்கிங் சோடா போட்டு தண்ணிய கொதிக்க விட்டு ஊற வெச்சு மரக்கரண்டியால சுரண்டுங்க, கம்பி நாரு வேணாம். சூடான பாத்திரத்த அப்படியே குழாயடில காட்டுனா அடி வளஞ்சுடும், தட்டையான அடுப்புல ஆடிக்கிட்டே இருக்கும்.

கொறன்னா வெயிட்டு. அப்புறம் ரிவெட் ஆணி வெச்ச கைப்பிடி, உள்பக்கம் அந்த ஆணித் தலையச் சுத்தி பிசுக்கு ஏறுது, பழைய பிரஷ் வெச்சுத்தான் எடுக்கணும்.