ஹாமர் பிளாக்கா, டிரான்ஸ்ஃபர் பாரா?

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் (விசையை, அதாவது டிரிகரை, இழுத்தாலே பின்னாலுள்ள சுத்தியல் தானாகப் பின்வாங்கி அடித்துச் சுடும் சுழல் துப்பாக்கியில்) விரலால் தள்ளிவிடும் சேஃப்டி பொத்தான் பெரும்பாலும் இருக்காது. கை நழுவி விழுந்து சுத்தியல் தரையில் மோதினாலும் தோட்டா வெடிக்காமல் காப்பது, உள்ளே ஒளிந்திருக்கும் சின்ன எஃகுத் துண்டுதான். அது எப்படிக் காக்க வேண்டும் என்பதில்தான் இரண்டு கட்சிகள்.

ஸ்மித் அண்ட் வெசன் துப்பாக்கி நிறுவனம் நம்புவது ஹாமர் பிளாக்கை. விசையைத் தொடாதவரை சுத்தியலுக்கு முன்னால் ஒரு மெல்லிய தகடு குறுக்கே நிற்கும். விசையை இழுத்தால் கீழே இறங்கி வழிவிடும். கோல்ட் நிறுவனம் 1905-லேயே 'பாசிட்டிவ் லாக்' என்று இதே வழியில் போனது.

ஆனால் 1944-இல், அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெசன் 'விக்டரி' மாடல் ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி உயிரிழந்தார். அந்த மாடலில் ஹாமர் பிளாக் இல்லாமல் இல்லை. விசையை விட்டதும் தகடு தன் ஸ்பிரிங் பலத்தில்தான் இடத்துக்குத் திரும்ப வேண்டும். உள்ளே கிரீஸ் இறுகிப்போனால் திரும்பாது. உடனே வடிவமைப்பை மாற்றினார்கள். விசையோடு சேர்ந்து நகரும் பாகமே தகட்டை ஏற்றவும் இறக்கவும் செய்தது. திருத்திய துப்பாக்கிகளின் வரிசை எண்ணுக்கு முன் 'வி' போய் 'எஸ்வி' வந்தது.

டிரான்ஸ்ஃபர் பார் இதற்கு நேர் எதிர். இங்கே சுத்தியல் துப்பாக்கியின் உடற்சட்டத்தில்தான் போய் முட்டும். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை அதனால் தொடவே முடியாது. விசையை இழுத்தால் மட்டும் ஒரு தகடு மேலே எழுந்து இடைவெளியை நிரப்பி, அடியை ஊசிக்குக் கடத்தும். ஐவர் ஜான்சன் கம்பெனி 'சுத்தியலைச் சுத்தியலால் அடியுங்கள்' என்றே விளம்பரம் செய்து விற்றது. 1970-களில் ரூகர் நிறுவனத்தின் செக்யூரிட்டி சிக்ஸ் ரிவால்வரும் இதே வழிதான்.

என் ஓட்டு டிரான்ஸ்ஃபர் பாருக்கே. சுத்தம் செய்யக் கழற்றியவர் ஹாமர் பிளாக்கைத் திரும்பப் பூட்ட மறந்தால், ரிவால்வர் வழக்கம்போல் சுடும். காவல் போனது யாருக்கும் தெரியாது. டிரான்ஸ்ஃபர் பார் இல்லாவிட்டால் சுடவே சுடாது. ஆபத்து நேரத்தில் பார் உடைந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களின் பயம் நியாயமானதுதான். ஆனாலும் ரிவால்வர் இடுப்பிலும் அலமாரியிலும் கிடக்கும் நேரம்தான் அதிகம். அந்த நேரத்துக்கான காவலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பழைய ஸ்மித் அண்ட் வெசன் கைக்கு வந்தால், தோட்டா அறைகள் எல்லாம் காலி என்று உறுதிசெய்துகொண்டு சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அதன் முன்னால் அந்த மெல்லிய தகடு இறங்குவது கண்ணில் பட வேண்டும். படாவிட்டால், துப்பாக்கி மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.