சொட்டுனா அவசரம், மண்ணுக்குள்ள ஓடுனா அடுத்த மாசம்: குன்னூரில் எங்களை ஏமாற்றிய பிளம்பர்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் சரிவில் குடியிருப்பவர்கள், சொந்த வீடோ வாடகை வீடோ, இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு வேலை பார்த்த பிளம்பர், ஆபத்தே இல்லாத ஒன்றை உயிர் போகிற அவசரம் என்று சொல்லி ராத்திரி ரேட் வாங்கினார். வீட்டுக்கே ஆபத்தான இன்னொன்றை "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டார். அந்த ஆபத்துக்குக் காரணமே அவர் முன்பு பார்த்த வேலைதான் என்பது மண்ணைத் தோண்டியபோதுதான் தெரிந்தது.

முதலில் கெய்சர் கதை. எங்கள் வீட்டில் இருப்பது 15 லிட்டர் கெய்சர். சுவிட்சைப் போட்டதும் அடியிலுள்ள சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வழக்கத்தைவிட அதிகம் சொட்டுகிறதே என்று அவருக்கு போன் செய்தோம். "அக்கா, உடனே ஆஃப் பண்ணுங்க, வெடிச்சிரும். காலைல வரைக்கும் வைக்காதீங்க" என்றார். பக்கத்தில் இருந்து கேட்ட என் மாமியாருக்குக் கை நடுங்கிவிட்டது. வந்தார், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் என்னவோ செய்தார், "புது வால்வு போட்டாச்சு" என்றார். 2,800 ரூபாய். அதில் 1,000 ரூபாய் எமர்ஜென்சி சார்ஜ்.

சில வாரம் கழித்து கெய்சர் கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வந்த தம்பி அதைப் பார்த்ததும் முதல் வேலையாக மெயின் சுவிட்சை அணைத்தார். புது வால்வெல்லாம் இல்லை. பழைய வால்வின் வாயையே எம்-சீல் (பிசைந்து ஒட்டினால் கல் மாதிரி இறுகும் பசை) வைத்து அடைத்திருந்தார் அந்த பிளம்பர். சாம்பல் நிற உருண்டை, அவர் விரல் ரேகை பதிந்தபடியே காய்ந்து கிடந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு, தண்ணீர் நிற்காமல் கொதித்திருந்தால் அழுத்தம் வெளியே போக வழியே கிடையாது. வெடிக்கும் என்று பயமுறுத்திக் காசு வாங்கியவர், நிஜமாகவே வெடிக்கக்கூடிய நிலையில் அதை விட்டுப் போயிருக்கிறார். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சர்வீஸ் தம்பி சொன்னதைக் கேளுங்கள். தண்ணீர் சூடானால் விரியும். 15 டிகிரியில் இருக்கிற 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றினால் ஏறக்குறைய கால் லிட்டர் கூடும். அந்தக் கூடுதல் தண்ணீர் திரும்பிப் போகாதபடி வால்வு தடுப்பதால், அதன் வாய் வழியாகத்தான் சொட்டும். மலையில் குழாயில் வரும் தண்ணீரே குளிர்ச்சி என்பதால் கீழே சமவெளியில் பார்ப்பதைவிட இங்கே அதிகம் சொட்டும். சூடேறும்போது சொட்டி, பிறகு நின்றுவிட்டால் அது வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். கெய்சர் அணைந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால் ஆள் கூப்பிட வேண்டும், ஆனால் பகலில் கூப்பிட்டால் போதும். ஆவியும் கொதிநீருமாகப் பீறிட்டாலோ, ஒயர் பக்கம் நனைந்தாலோ, குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடித்தாலோ நேரம் காலம் பார்க்கக் கூடாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாமல், மெயின் போர்டில் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

இப்போது இரண்டாவது விஷயம். இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான்.

எங்கள் வீட்டுக்குக் கீழே கருங்கல் தடுப்புச் சுவர். அதற்கும் கீழே இன்னொரு குடும்பம். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற, அந்தச் சுவரில் பைப் துண்டு வைத்து வரிசையாக ஓட்டை விட்டிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் எல்லா ஓட்டையிலும் தண்ணீர் வரும், டிசம்பர் கழிந்து மழை விட்டால் காய்ந்துவிடும். இந்த வருடம் பிப்ரவரி வெயிலிலும் ஒரே ஒரு ஓட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. அதற்கு நேர் மேலே புல் மட்டும் தனியாகப் பச்சைப் பசேலென்று இருந்தது. கெய்சருக்கு வந்த அன்றே அவரிடம் இதைக் காட்டினோம். டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. "மலைனா ஊத்து இருக்கத்தான் செய்யும் சார், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கீழ் வீட்டு அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் பல வருடம் வேலை பார்த்தவர். அவர்தான் ஒருநாள் காலை கண்ணாடி டம்ளரோடு மேலே ஏறி வந்தார். "தங்கச்சி, நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு. இன்னைக்குக் கலங்கலா வருது, பாருங்க." திண்ணையில் வைத்த டம்ளரில் கொஞ்ச நேரத்தில் அரை விரல் உயரத்துக்குச் செம்மண் படிந்தது. தெளிந்த தண்ணீர் வந்தால் கசிவு. கலங்கல் வந்தால் சுவருக்குப் பின்னால் இருக்கிற மண்ணையே அது அரித்துக்கொண்டு வருகிறது.

ஊற்றா, குழாயா என்று கண்டுபிடிக்க ஆள் தேவையில்லை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டோம். காலையில் ஒரு சாண் இறங்கியிருந்தது. 1,000 லிட்டர் தொட்டியில் ஒரு சாண் என்றால் ஏறக்குறைய 200 லிட்டர், அதாவது ஒரே ராத்திரியில் 200 கிலோ எடை மண்ணுக்குள் போயிருக்கிறது. மறுநாள் தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வையே மூடினோம். மட்டம் அப்படியே நின்றது, பொழுது விடிவதற்குள் சுவர் ஓட்டையில் வரத்தும் குறைந்துவிட்டது. நீங்கள் வால்வை மூடினால் ஊற்று நிற்காது. குழாய்தான் நிற்கும்.

2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் சரிவு சரிவாக மண் இறங்கியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அது வானம் கொட்டிய மழை. ஆனால் தண்ணீர் குடித்த மண் கனம் கூடி, பிடிப்பு விட்டு இறங்குவது, மழைத் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஒன்றுதான். கீழே ஒரு குடும்பம் தூங்குகிறது என்பதை நினைத்துத்தான் அன்றே தோண்ட ஏற்பாடு செய்தோம்.

தோண்ட வந்தவர் வேறு பிளம்பர், வயதானவர். இரண்டடி ஆழத்தில் பழைய ஜிஐ (இரும்பு) பைப்பும் புது யுபிவிசி (பிளாஸ்டிக்) பைப்பும் சேரும் இடம் தெரிந்தது. அங்கே இரண்டு பைப்பை இணைக்கப் போட வேண்டிய கப்ளிங் இல்லை, யூனியன் இல்லை. சைக்கிள் ட்யூப் ரப்பரை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கி, மேலே சிமெண்டு அப்பியிருந்தது. கம்பி துருப்பிடித்து அறுந்து, ரப்பருக்கு அடியிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. முந்தைய மழைக்காலத்தில் அந்தப் பழைய ஆள் கொடுத்த பில்லில் கப்ளிங், யூனியன் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. ஊற்று என்று ஏன் சொன்னார் என்பது அப்போது புரிந்தது. போன் செய்தபோது, "அன்னைக்கு இருந்த அவசரத்துல அப்படித்தான் சார் செய்ய முடிஞ்சது" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அதனால் எது அவசரம் என்பதைக் காசு வாங்குபவரிடம் விடாதீர்கள். மழையில்லாத காலத்தில் வீட்டுக்கு அடியிலோ தடுப்புச் சுவரிலோ ஈரம் தெரிந்தால், அதுவும் கலங்கலாக வந்தால், அன்றைக்கே வால்வை மூடுங்கள். சுவர் புடைத்தாலோ தரையில் புதிதாக விரிசல் விட்டாலோ வீட்டை விட்டு வெளியே வந்து, கீழ் வீட்டுக்காரர்களையும் எழுப்பிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள். கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் ஜாலி வழியாக மேலே வந்தால் மெயின் லைன் அடைப்பு, வீட்டில் தண்ணீர் புழங்குவதை அப்போதே நிறுத்த வேண்டும். வாஷ்பேசின் மெதுவாக வடிவதும், கிச்சன் குழாய் சொட்டுவதும் அடியில் பாத்திரம் வைத்தால் நாலு நாள் பொறுக்கும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி காலத்தில் விடியற்காலை குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயைத் திறந்து வைத்து வெயில் ஏறும்வரை காத்திருங்கள். உறைந்தது இளகிய பிறகு எங்காவது பீச்சினால்தான் ஆள் தேவை. இதற்கும் "லைன் வெடிச்சிருச்சு" என்று விடியற்காலை ரேட் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்களிடம் பில்லும், குழிக்குள் எடுத்த போட்டோவும், எம்-சீல் வைத்த வால்வும் இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டோம். ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கவும் எழுதிக்கொண்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உங்கள் வீட்டில் மண்ணுக்குள் குழாய் வேலை நடந்தால், தண்ணீரைத் திறந்து விட்டு ஒவ்வொரு இணைப்பையும் குனிந்து பாருங்கள், போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வையுங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகுதான், குழியை மூடுவதும் அதற்குப் பிறகுதான்.